உதறாமல் தூக்கிய கொடி

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு பெண் என்னிடம் மன்னிப்பு கேட்டாள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ரேஸ் உடுப்பு முழுக்க வியர்வை, இடுப்பில் இடுக்கிய ஹெல்மெட். ஹெல்மெட்டின் உள்பஞ்சு அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாகத் தெரிந்தது.

"சாரி அங்கிள்" என்றாள்.

பக்கத்தில் அவள் அப்பா ஏழுமலை நின்றிருந்தார். அவர்தான் அவளை அழைத்துவந்தார். இழுத்துவந்தார் என்றே சொல்லலாம்.

"முழுசா சொல்லு" என்றார் அவர்.

"மஞ்சக் கொடி காட்டும்போது ஓவர்டேக் பண்ணது தப்பு. சாரி." அதோடு நிறுத்தவில்லை. அப்பா பக்கம் திரும்பாமல் என்னை நேராகப் பார்த்து, "ஆனா எனக்குக் கொடி தெரியல அங்கிள். நெஜமாவே தெரியல" என்றாள்.

"பாத்தீங்களாணா, இன்னும் அத்தயே சொல்லிக்கினு கீது" என்றார் ஏழுமலை. "நீங்க எழுதிக் குடுத்திருந்தா அது சரியாத்தான் இருக்கும். உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நான் பொட்டலத்துத் தயிர்சாதத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். "பரவால்லமா, அடுத்த தடவ பாத்து ஓட்டு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

ஆறு நாள் மேலே, ஒரு நாள் கீழே

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் தணிகாசலம். வீடு மணவாள நகர். வேலை கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்கு மில்லில் கிரேன் ஓட்டுவது. வெங்கல், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்புகிறவன்.

கிரேன் கேபின் கூரைக்குக் கீழே தொங்கும். கீழே ஒருவர் கை காட்டுவார். கை மேலே சுழன்றால் தூக்கு, உள்ளங்கை விரிந்தால் நிறுத்து. கீழே நிற்கிறவன் சரியாகக் காட்டுகிறானா என்று குறை சொல்வதே எனக்குப் பாதி வேலை. "கையா காட்டுற, ஈ ஓட்டுறியா?" என்று மைக்கில் கேட்டு மில்லில் பாதிப் பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் மில்லின் பாதுகாப்பு அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்துக்கு மார்ஷல் வேலைக்குத் தொண்டர்கள் வேண்டும், தீயணைப்புக் கருவி பிடிக்கத் தெரிந்தவர், சிக்னல் தெரிந்தவர் யாராவது வருகிறீர்களா என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டார். கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். நீயும் கீழே நின்று காட்டிப் பார் என்று அர்த்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படிப் போனவன்தான், இப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

மார்ஷல் என்றால் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர் என்று எங்கள் தெருவில் பலர் நினைத்தார்கள். விஷயம் எளிது. தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு போஸ்ட். அதில் நாலைந்து பேர். வண்டி விழுந்தால் கொடி காட்ட வேண்டும், விழுந்தவரைத் தூக்க வேண்டும், தீப்பிடித்தால் அணைக்க வேண்டும், எண்ணெய் கொட்டினால் மண்ணைப் போட்டுப் பெருக்க வேண்டும். நாள் முழுக்க வெயில். காலையில் இட்லிப் பொட்டலம், மதியம் சாதம், தலைக்கு ஒரு தொப்பி.

"வாரத்துல கெடைக்கிறதே ஒரு நாளு. அன்னிக்கும் போயி தூசி தின்னுட்டு வர்றியே, இன்னாத்துக்கு?" என்று என் மனைவி தேவகி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து என் பையில் வைப்பாள்.

இன்னாத்துக்கு என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவது பிடிக்கும். முதல் வண்டி எழுப்பும் சத்தம் நெஞ்சுக்குள் வந்து அதிர்வது பிடிக்கும். என் கையில் இருக்கும் ஒரு முழத் துணியைப் பார்த்து அவ்வளவு வேகமும் அடங்குவது ரொம்பவே பிடிக்கும். கிரேனில் இருபது டன் தூக்கினாலும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

முதுகோடு முதுகு

கொடி பிடிக்க ஒரு போஸ்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வண்டி வரும் திசையைப் பார்ப்பார், மற்றவர் போகும் திசையைப் பார்ப்பார். முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். வண்டி வரும் பக்கம் நிற்கிறவர் திரும்பவே கூடாது. பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கூட்டாளி சத்தம் போட்டுச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கூட்டாளி ஸ்டெல்லா. மீஞ்சூரிலிருந்து வருவாள். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வாசலில் நின்று கன்டெய்னர்களின் சீல் முத்திரையைச் சரிபார்க்கும் வேலை. வேறு எங்கேயும் நாங்கள் சந்தித்துக்கொண்டதில்லை. தடத்தில் நிற்கும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனாலும் அவள் மூச்சை இழுத்தால் பின்னால் ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் போஸ்டுக்குத் தலைவர் சம்பத் சார். மின் நிலையத்தில் வேலை, வள்ளூரில் குடியிருப்பு. வாக்கி டாக்கி அவர் கையில்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடம் கொடியைப் பற்றியது.

கொடி தேவைப்படாதபோது வெளியே தெரியக் கூடாது. காற்றில் ஒரு ஓரம் பறந்தால்கூட ஓட்டுகிறவர் பயந்து பிரேக் போடுவார். அதனால் துணியைக் கம்பைச் சுற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்வோம். எடுக்கும்போது சட்டென்று மேலே தூக்கக் கூடாது. முதலில் காலுக்குப் பின்னால் கீழே ஒரு உதறு. துணி 'பட்' என்று விரியும். அதற்குப் பிறகுதான் தூக்கி, காற்றில் எட்டு போடுவது மாதிரி ஆட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் லைசென்ஸுக்காகப் போட்டோமே, அந்த எட்டுதான். அப்படி ஆட்டினால் துணி மறுபடி கம்பில் சுற்றாது.

"உதறு, தூக்கு, ஆட்டு. உதறாம தூக்குனா அது கொடி இல்ல, கொம்பு" என்பார் சம்பத் சார்.

இந்தப் பாடத்தைப் பிறகு நானே எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன். எடுக்கும்போது குரலில் கொஞ்சம் மிடுக்கும் இருக்கும்.

பிஸ்கட் மார்ஷல்

நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தடத்தில் வண்டிகளைவிடப் பெரிய தொல்லை நாய்கள். காலை வெயிலில் தார் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் படுக்க அவைகளுக்கு அவ்வளவு ஆசை. அதுவும் நட்டநடு வழியில், எல்லா வண்டியும் சாயும் அதே இடத்தில்தான் வந்து படுக்கும்.

பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. கல்லெடுத்தாலும் போகாது, விசில் ஊதினாலும் போகாது. ஒருமுறை பயிற்சி ஓட்டத்தையே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. பந்தயத்தை நடத்தும் கன்ட்ரோல் அறையிலிருந்து, "போஸ்ட் ஆறு, நாய் நிலவரம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "படுத்திருக்கு சார்" என்று சம்பத் சார் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று ஸ்டெல்லா பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தக் காகிதச் சத்தத்துக்கு நாய் தலையைத் தூக்கியது, எழுந்தது, வால் ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் வேலி வரைக்கும் போனது. அதிலிருந்து எங்கள் போஸ்டில் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். மற்ற போஸ்டுக்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்துவிட்டு, அவர்கள் பக்கம் நாய் வந்தால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏழுமலையும் மோகனாவும்

ஏழுமலை எங்கள் மணவாள நகரில் பைக் மெக்கானிக். என் வண்டியைப் பல வருஷமாக அவர்தான் பார்க்கிறார். ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். மகள் மோகனா அப்போது திருவள்ளூரில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்ததில் எனக்கும் பங்கு உண்டு. கடையில் உட்கார்ந்து நான் அளந்த கதைகளைக் கேட்டவள் அவள். ஏழுமலை ஒரு பழைய வண்டியைப் பிரித்துக் கோத்து அவளுக்குக் கொடுத்தார். இரண்டு வருஷம் கடைசியிலிருந்து முதல், இரண்டு என்று வந்தவள் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தாள்.

நான் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முக்கியமான நாள். அவள் ஓட்டும் பிரிவில், அன்றைய பந்தயத்தில் முதல் மூன்று இடங்களில் வருகிறவர்களை ஓர் அணி எடுத்துக்கொள்ளும். அடுத்த சீசன் முழுக்க ஓட்ட நல்ல வண்டி கிடைக்கும். அவள் அப்பா கோத்த வண்டியை வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம் ஓட்ட முடியாது. என்ஜின் அந்த நிலைமையில் இருந்தது. அன்று விட்டால் அவ்வளவுதான்.

காலையில் ஏழுமலை என்னைப் பார்த்து, "ணா, உங்க போஸ்டுல தான நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் மனசில் ஒட்டிக்கொண்டது. தெரிந்த பெண் ஓடுகிறாள், நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஒருத்தன் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று அப்போதே விறைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

நாலாவது சுற்று

மேல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இருபத்தேழாம் நம்பர் வண்டியில் மோகனா மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள், இரண்டாவது வண்டியின் வால் பிடித்த மாதிரி. நாலாவது சுற்றில் முதல் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால், ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஒருவர் எங்கள் வளைவில் வழுக்கி விழுந்தார். வண்டி சரளைக் கல்லில் போய்ப் புதைந்தது.

"விழுந்துட்டாங்க, மஞ்சள்" என்று பின்னாலிருந்து ஸ்டெல்லா கத்தினாள். சம்பத் சாரும் இன்னொருவரும் விழுந்தவரை நோக்கி ஓடினார்கள். நான் கொடியைத் தூக்கி ஆட்டினேன்.

மஞ்சள் கொடி ஆடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. தடத்தில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், அதனால்தான் அந்த விதி. இரண்டாவதாக வந்தவர் வேகத்தைக் குறைத்தார். மோகனா குறைக்கவில்லை. என் கண்ணெதிரே உள்பக்கமாகப் புகுந்து அவரைத் தாண்டிப் போனாள். சம்பத் சாருக்கும் அவளுக்கும் நடுவில் ஏழெட்டு அடிதான் இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அடுத்த வண்டிகள் வந்தபோது கொடி பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தது, அவர்கள் ஒழுங்காக வரிசையில் போனார்கள். விழுந்தவருக்கு அடி ஒன்றும் இல்லை. சம்பத் சார் திரும்பி வந்ததும், "இருபத்தேழு, மஞ்சள்ல முந்திடுச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். தெரிஞ்ச பொண்ணுதான். அதுக்காக விட முடியுமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பந்தயம் முடிந்தபோது மோகனா இரண்டாவது. தண்டனையாக இருபது நொடி கூட்டியபோது எட்டாவது. அதற்குப் பிறகுதான் அப்பாவும் மகளும் வேலி ஓரமாக வந்தார்கள்.

'பட்'

சாப்பாட்டுக்குப் பின் கார்ப் பந்தயம். இரண்டாவது சுற்றிலேயே ஒரு கார் சுழன்று எங்கள் எதிரே மண்ணில் நின்றது. நான் கொடியை எடுத்தேன், காலுக்குப் பின்னால் உதறினேன். 'பட்' என்றது. தூக்கி ஆட்ட ஆரம்பித்தேன்.

கை ஆடிக்கொண்டிருக்கும்போதே அது உறைத்தது. இந்தச் சத்தத்தைக் காலையில் நான் கேட்கவில்லை.

கேட்காமல் இருக்குமா, காற்றில் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் காலையில் என் கை என்ன செய்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அக்குளிலிருந்து நேராக மேலே போனது. கீழே போகவே இல்லை. கொடி காட்டுகிறவன் கொடியைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்ப்பான். ஆட்ட ஆட்டச் சில நொடியில் துணி தானாக அவிழ்ந்திருக்கும். அந்தச் சில நொடியில்தான் மோகனா வந்தாள். அவளுக்கு முன்னால் வந்தவர் விழுந்த வண்டியைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைத்திருப்பார்.

"ஸ்டெல்லா" என்றேன், திரும்பாமல்.

"சொல்லுணா."

"காலைல பைக் ரேஸ்ல நான் கொடி எடுத்தப்போ சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொதல்ல கேக்கலணா. ரெண்டு வண்டி போனப்புறம்தான் துணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தேன். கண்ணால பாக்காததை எப்பிடிணா சொல்றது? நீங்க வேற நிச்சயமா, நிச்சயமான்னு சொல்லிக்கினு இருந்தீங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வேறு யார்மேலாவது பழி போட்டிருக்கலாம். நான் உதறாமல் தூக்கியது ஏன் என்றும் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் என் கண் வளைவுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த இருபத்தேழைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் தப்பு செய்வாளா என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மறுபடி சொல்லுங்க"

கார்ப் பந்தயம் முடிந்ததும் சம்பத் சாரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் எழுதிக் குடு" என்றார்.

"சாயங்காலம் ரிசல்ட்ல கையெழுத்து ஆயிடும் சார். அப்புறம் மாத்த மாட்டாங்க."

அது அவருக்கும் தெரியும். கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் காலைப் பந்தயங்களின் முடிவை உறுதி செய்துவிடுவார்கள். கன்ட்ரோல் கட்டடத்துக்கு நடந்தே போகலாம், ஆனால் பந்தயங்களுக்கு நடுவில் மார்ஷல் போஸ்டை விட்டு நகரக் கூடாது. ஆக, ஒரே வழி வாக்கி டாக்கி. அதில் பேசினால் கன்ட்ரோலுக்கு மட்டும் கேட்காது. தடத்தைச் சுற்றியிருக்கும் அத்தனை போஸ்டிலும் கேட்கும். அதில் பாதிப் பேர் என்னிடம் கொடிப் பாடம் படித்தவர்கள்.

"வேணும்னா நான் சொல்றேன். போஸ்ட்ல சின்னக் குழப்பம்னு சொல்லிடலாம்" என்றார் சம்பத் சார்.

நல்ல மனுஷர். அதற்கு ஒத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் குழப்பம் என்றால் யார் குழப்பம் என்று கேட்பார்கள். பெண்ணும் குழம்பினாள், மார்ஷலும் குழம்பினார் என்று முடித்துவிடுவார்கள். அவள் மன்னிப்பு கேட்டது அப்படியே நிற்கும்.

கையை நீட்டினேன். அவர் வாக்கி டாக்கியைக் கொடுத்தார்.

"கன்ட்ரோல், போஸ்ட் ஆறு" என்றேன். "சொல்லுங்க ஆறு" என்றார்கள்.

"காலைல பைக் ரேஸ்ல இருபத்தேழு மஞ்சள்ல முந்துச்சுன்னு ரிப்போர்ட் குடுத்தேன். அப்போ என் கொடி விரியல. கம்புல சுருண்டு இருந்துச்சு. நான் உதறாம தூக்கிட்டேன். ஓட்டுனவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தப்பு என்னுது."

இரைச்சல் கேட்டது. பிறகு, "போஸ்ட் ஆறு, சரியா கேக்கல. மறுபடி சொல்லுங்க" என்றார்கள்.

இதற்கு மேல் என்ன பேஜாரு வேண்டும்? மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. முதல் தடவை சரியாகக் கேட்காத போஸ்டுக்காரர்களுக்கும் இப்போது தெளிவாகக் கேட்டிருக்கும்.

"உங்க பேரு?"

"தணிகாசலம்."

"சரி ஆறு. காத்திருங்க."

வாக்கி டாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் நின்றேன். ஸ்டெல்லா தன் முதுகை என் முதுகில் லேசாக இடித்தாள். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம்

மோகனாவுக்குப் பின்னால் வந்தவர் வண்டியில் கேமரா இருந்திருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தார்களாம். நான் ஒரு மஞ்சள் கம்பை வைத்துக்கொண்டு மும்முரமாக ஆட்டிக்கொண்டிருப்பது அதில் அழகாகத் தெரிந்ததாம். சம்பத் சார் வந்து சொன்னார். இருபது நொடியை எடுத்துவிட்டார்கள். மோகனா மறுபடி இரண்டாவது.

அதனால் ஒரு கோயம்புத்தூர்க்காரர் மூன்றாவது இடத்திலிருந்து நாலாவதுக்குப் போனார். அவரையும் தேடிப்போய் என்னால்தான் இப்படி ஆனது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை வேனில் ஏற்றப் போய்விட்டார். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

எனக்கும் தண்டனை உண்டு. அடுத்த இரண்டு பந்தயங்களில் கொடி கிடையாது, சரளைக் கல்லை வாரி நிரவும் வேலை. நிரவினேன். நன்றாகவே நிரவினேன். அந்த வேலையில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதும், தேவகி தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்ததும் தனிக் கதை. இப்போது மறுபடி கொடி பிடிக்கிறேன். கொடிப் பாடமும் எடுக்கிறேன். என் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. மில்லில் மைக்கை எடுப்பதையும் குறைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பரிசு கொடுத்து முடிந்ததும் வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். மோகனா கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். கோப்பை தரையில் கிடந்தது. ஏழுமலை அவள் வண்டியின் சங்கிலியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ரேடியோல சொன்னதை பசங்க சொன்னாங்க அங்கிள். எனக்கு ஓகே. எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. நான் பொய் சொல்லலன்னு அவருகிட்ட சொல்லுங்க."

நான் ஏழுமலை பக்கம் திரும்பினேன். "பொண்ணு சொன்னது நெஜம்பா. கொடி தெரிஞ்சிருக்கவே முடியாது."

ஏழுமலை துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அதான் கப்பு கைல குடுத்துட்டாங்களேமா. அடுத்த வருசம் வண்டி வந்துடுச்சு. இன்னும் இன்னா?" என்றார்.

"நீ என்னை அங்க கூட்டிக்கினு போயி சாரி சொல்ல வச்சல்ல. அத்துக்கு நீ சாரி சொல்லு."

"அப்பனப் போயி..."

"சொல்லுப்பா."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து போய்விடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் மதியம் என் முன்னாலும் தயிர்சாதப் பொட்டலத்தின் முன்னாலும் நின்று சொன்னவள். அதனால் நகராமல் நின்றேன்.

ஏழுமலை சங்கிலியைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள் மோகனா.

அவர் துணியைக் கீழே போட்டார், மகள் பக்கம் திரும்பினார், மறுபடி சொன்னார்.